எந்த அகராதி என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலச் சொற்களுக்குத் தாய்மொழிப் பொருளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாமல், ஆங்கில விளக்கத்தைப் படித்துக் கற்க வேண்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் எந்த அகராதியில் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆங்கிலேயருக்காக எழுதிய அகராதியைக் கற்பவர் கையில் கொடுத்தால், ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப் போய் நான்கு புதிய சொற்களில் சிக்கிக்கொள்வார். பிறகு அதைத் தொடவே மாட்டார்.

கற்பவர்களுக்கென்றே அகராதிகள் உண்டு. 1978-இல் வெளிவந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கங்களை எழுதியது. 1987-இல் வந்த கோபில்ட் (COBUILD) அகராதி முழு வாக்கியத்தில் பொருள் சொன்னது. ஒரு சொல் எவற்றோடு சேர்ந்து வரும் என்பதும் அதிலேயே புரிந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

மரம், பறவைப் பெயர்களுக்கு விளக்கம் வீண். படமோ தாய்மொழிப் பெயரோ போதும்.

பாடநூல்களின் அருஞ்சொற்பொருள் பகுதி பலவற்றில் கடினமான சொல்லுக்கு அதைவிடக் கடினமான சொல்லே நிற்கிறது. அவற்றைத் தயாரிப்பவர்கள் எளிய சொற்களாலான முழு வாக்கிய விளக்கங்களைத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்