செய்தி ஆசிரியர்களுக்கு முகாமிலிருந்து ஒரு மடல்

தமிழ் நாளிதழ்களையும் செய்தித் தொலைக்காட்சிகளையும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பிறந்து, வளர்ந்து, இன்றும் அங்கேயே குடியிருப்பவன் நான். எங்களைப் பற்றி நீங்கள் போடும் செய்திகளில் பெரும்பாலானவை எங்களிடம் கேட்டு எழுதியவை அல்ல. காவல்துறை தரும் குறிப்பு அப்படியே செய்தியாகிறது. கடைசி வரியில் 'கியூ பிரிவு போலீசார் (முகாம்களைக் கண்காணிக்கும் உளவுப் பிரிவினர்) விசாரித்து வருகின்றனர்' என்று முடிந்துவிடுகிறது.

2022 மார்ச்சில் தனுஷ்கோடி அருகே மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் பால்மாவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. கைக்குழந்தையோடு தவித்தவர்களைக் கடலோரக் காவல் படை மீட்டது. அன்றைய செய்திகளில் அவர்கள் முகம் வந்தது, சொந்த ஊர் வந்தது, படகுக்குக் கொடுத்த பணமும் வந்தது. அனுமதி இல்லாமல் கடல்வழியே வெளியேறுவது இலங்கைச் சட்டப்படி குற்றம். ஊரிலேயே தங்கிவிட்ட அப்பா அம்மாவிடம் போலீஸ் போய் நின்றால் என்ன ஆகும்? முகத்தையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதியிருந்தாலும் வாசகருக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

குற்றச் செய்திக்கு வருகிறேன். எங்கள் முகாமில் பெயிண்ட் வேலைக்குப் போகும் ஒரு தம்பியை பைக் திருட்டு வழக்கில் பிடித்துப் போனார்கள். மறுநாள் ஒரு நாளிதழில் 'இலங்கை அகதி கைது' என்று தலைப்பு. அந்த வாரமே டவுனில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் அக்காமார் சிலரை "கொஞ்ச நாள் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆள் மாறிப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்து அவனை விட்டபோது ஒரு வரிகூட வரவில்லை. வேறு யாராவது பிடிபட்டிருந்தால் 'வாலிபர் கைது' என்றுதானே போட்டிருப்பீர்கள்?

இதைவிடவும் எனக்கு வருத்தம் தருவது, நீங்கள் எழுதாமல் விடுவது. குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டினராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர்தான். 1983 கலவரத்துக்குப் பின் வந்த குடும்பங்களுக்கு அந்தத் தேதிக்கு முன் முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2022-இல் பாஸ்போர்ட் பெற ஆணை வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அது செய்தியானது, சந்தோஷம். ஆனால் அதே காலத்தில் பிறந்த மற்றவர்கள் எத்தனை பேர், அவர்களும் ஆளுக்கொரு வழக்குப் போட வேண்டுமா என்று கேட்டு எந்த நிருபரும் எங்கள் முகாமுக்கு வரவில்லை. சட்டம் தங்கள் பக்கம் இருப்பதே தெரியாத அண்ணன்மார் இங்கே இருக்கிறார்கள். ஒரு நல்ல கட்டுரை அவர்கள் வாழ்க்கையை மாற்றியிருக்கும்.

நான் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவன். தமிழ்நாட்டைத் தவிர வேறு மண்ணை மிதித்ததில்லை. இருந்தும் குடியுரிமை என்று வரும்போது என்னைச் சட்டவிரோதக் குடியேறியாகத்தான் பார்க்கிறார்கள். 2019-இல் வந்த குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை. அப்போது இரவுக்கு இரவு விவாதம் நடத்தினீர்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் எங்களுக்காகப் பேசினார்கள். நான் பார்த்த வரையில் முகாமிலிருந்து ஒருவரையும் அந்த மேசையில் உட்கார வைக்கவில்லை. வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், பொறியியல் படித்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் எங்களிடையே இருக்கிறார்கள். அழைத்தால் பேசத் தெரியும்.

பொறுமையாக இங்கே வந்து உட்கார்ந்து எழுதிய நிருபர்களும் உண்டு, மறக்கவில்லை. மற்றவர்களையும் ஒருமுறை தணிக்கை நாளில், அதாவது முகாமில் ஆள் இருக்கிறோமா என்று அதிகாரிகள் சரிபார்க்கும் நாளில், அனுப்புங்கள். வெளியூரில் வேலை பார்ப்பவன் ஒரு நாள் கூலியை விட்டு ஓடி வந்து, வருவாய் ஆய்வாளர் முன்னால் குடும்பத்தோடு வரிசையில் நின்று ஆள் காட்டுவதை அவர்கள் நேரில் பார்க்கட்டும்.

அப்புறம், அடுத்த முறை காவல்துறைக் குறிப்பு கைக்கு வந்ததும் அச்சுக்கு அனுப்பும் முன் அந்த முகாமின் தலைவருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். எங்கள் தரப்பையும் கேட்டு, அதே செய்தியில், அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
முகாம்வாசி ஒருவன்