நம் அலைச்சறுக்குச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, குளிரையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். இன்று வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப் குழுவில் வரும். அவர்கள் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் பெரும்பகுதி அவர்களுக்குச் சொல்ல வேண்டியது.

முதலில் வழக்கமான நிகழ்வுகள். நிர்வாகக் குழு டிசம்பர் தவிர மாதந்தோறும் கூடியது. மே முதல் வாரத்தில் தூத்துக்குடிக் கடலோரத்து மணப்பாடு போக இருந்த பயணம், கடல் நிலையைக் கணிக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கள்ளக்கடல் (தொலைதூரக் கடலில் இருந்து வந்து திடீரென எழும் பேரலை) எச்சரிக்கையால் ரத்து செய்யப்பட்டது. அதற்கு வருத்தப்பட்டவர்கள் அந்த வாரச் செய்தித்தாள்களை நினைத்துப் பார்க்கலாம். ஆகஸ்ட் 15 அன்று நம் சங்கத்தின் வேலைக் கொட்டகை முன் கொடி ஏற்றினோம். செப்டம்பரில் மேட்டுப்பாளையத்தில் நீச்சலும் முதலுதவியும் கற்றுத் தந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் மாமல்லபுரம் பயணம் நடந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். நவம்பர் கடைசியில் போக இருந்தது ஃபெஞ்சல் புயலால் நின்றது. டிசம்பர் கூட்டம் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகையை ஒட்டி ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் காரணம் எல்லோருக்கும் சம்மதம்.

இனி இந்த ஆண்டு நாமே செய்த அலைச்சறுக்குப் பலகை, அதாவது போர்டு விஷயம்.

போன பொதுக்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர், "குன்னூர்ல உட்கார்ந்துகிட்டு கடல்ல ஓட்டுற போர்டை நாமளே செய்யணுமா? காசு கொடுத்து வாங்கிக்கலாமே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு நேரமில்லாமல் சுருக்கமாகப் பதில் சொன்னேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

நாம் செய்தது சாதாரண போர்டு இல்லை. முட்டி போட்டு ஓட்டும் நீபோர்டு, அதிலும் வால் பகுதி வளைந்து கொடுக்கும் வகை. விசாரித்த எந்தக் கடையிலும் அது இல்லை. இதன் மூலவர் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவைச் சேர்ந்த ஜார்ஜ் கிரீனோ. 1960களின் நடுவில், எல்லோரும் ஒன்பது பத்தடி நீளப் போர்டில் நின்று போய்க்கொண்டிருந்த காலத்தில், அவர் ஏறக்குறைய ஐந்தடியில் கரண்டி மாதிரி நடுவைக் குடைந்து 'வெலோ' என்ற போர்டைச் செய்தார். ஓரங்களிலும் முன்பக்கத்திலும் மட்டும் மிதக்க வைக்கும் ஃபோம், நடுவிலும் வாலிலும் வெறும் ஃபைபர் கிளாஸ். சூரை மீனின் வாலைப் பார்த்து, போர்டின் அடியில் மீன் துடுப்பு போல நிற்கும், வளையக்கூடிய மெல்லிய ஃபின்னையும் அவரே வடிவமைத்தார். 1966இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் நாட் யங் வென்றபோது, அவர் போர்டின் அடியில் இருந்தது கிரீனோ பாணி ஃபின்தான். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் போர்டுகள் குட்டையானதற்கு இந்த முட்டி போடும் மனிதர் ஒரு முக்கியக் காரணம். இதை நம் இளைய உறுப்பினர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வால் ஏன் வளைய வேண்டும்? போர்டின் அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் நேராக வேகமாக ஓடும், திரும்பாது. வளைவு கூடினால் நன்றாகத் திரும்பும், வேகம் குறையும். விறைப்பான போர்டில் இந்த வளைவை ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் அவ்வளவுதான். வளையும் வால் என்றால், திருப்பத்தில் எடை இறங்கும்போது தானாக வளைந்துகொள்ளும், எடை குறைந்ததும் நிமிர்ந்துவிடும். இழுத்து விட்ட வில் போல, நிமிரும்போது ஓட்டுபவரை முன்னால் தள்ளியும் விடும். முட்டி போட்டிருப்பதால் உடம்பின் எடை தாழ்வாக இருக்கும், அலைச் சுருளுக்குள் ஒட்டிப் போகலாம். இது புரிந்துவிட்டால், ஏன் இவ்வளவு மெனக்கெட்டோம் என்பதும் புரியும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஃபோம் குறைவு என்பதால் மிதப்பும் குறைவு. நிற்கும் தண்ணீரில் போர்டு பாதி மூழ்கித்தான் கிடக்கும். கையால் துடுப்பு போட்டு அலை பிடிக்க முடியாது, காலில் ஃபிளிப்பர் என்ற நீச்சல் துடுப்பை மாட்டி உதைத்துத்தான் பிடிக்க வேண்டும். சோம்பலான அலையில் இது ஓடவே ஓடாது. சின்ன அலைக்குக் கிரீனோவே காற்றடித்த மிதவைப் பாயில்தான் போவார். மாமல்லபுரத்தில் சிலர் அலை எழாத மதிய நேரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, "போர்டு முங்குது, பணம் வேஸ்ட்" என்று குழுவில் போட்டதால் இதை விளக்க வேண்டியிருக்கிறது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். ஃபோமாக நாம் எடுத்த தெர்மாகோலை ஜூனில் செதுக்கி முடித்தோம். கடலோரத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் ஒரு மேஸ்திரி போனிலேயே நிறைய சொல்லிக் கொடுத்தார். அவர்கள் படகுக்குப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின், அதாவது ஃபைபர் துணியை ஒட்டி இறுக்கும் பசை, தெர்மாகோலைக் கரைத்துவிடும். அதனால் விலை கூடினாலும் எபாக்சி என்ற வேறு ரெசினைத்தான் வாங்கினோம். வால் அடிக்கடி வளைவதால் அதற்கும் எபாக்சியே தாங்கும்.

எபாக்சிக்கு இருபத்தைந்து டிகிரி சூடு இருந்தால் நிம்மதி. குன்னூரில் ஜூலை மாதம், ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது. எபாக்சியில் நனைத்துப் போட்ட துணியின் முதல் இரண்டு அடுக்குகள் மறுநாள் மாலை வரை பிசுபிசுவென்று இருந்தன. குளிரும் ஈரமும் சேர்ந்தால் எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அதன் மேல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது, நாளைக்குக் கடலில் பாளம் பாளமாகப் பிரியும். அந்தப் படலத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, உப்புத்தாள் போட்டு மறுபடி தொடங்கினோம்.

நம் உறுப்பினர் ஒருவருடைய தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் பக்கம் சூடாக இருக்கிறதே, அங்கே வைக்கலாமா என்று கேட்டோம். அவர் மறுத்துவிட்டார். அதில் சிலருக்கு மனத்தாங்கல். நான் அவர் பக்கம். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். ரெசின் நெடி ஏறிய தூளை யார் ஏலத்தில் எடுப்பார்கள்?

அதனால்தான் சூட்டுப் பெட்டி செய்தோம். செலவு பற்றி இரண்டு கூட்டங்களில் கேள்வி எழுந்த பெட்டி இதுதான். பிளைவுட் பெட்டி, உள்ளே தெர்மாகோல் அட்டை, கோழிக்குஞ்சுகளுக்கு வைக்கும் குண்டு பல்புகள், முட்டை அடைகாக்கும் இயந்திரத்துக்குக் கோவையில் விற்கும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். ரெசின் இறுகும் வரை முப்பது டிகிரி, இறுகிய பின் மெல்ல நாற்பத்தைந்து வரை. சூடு மிகவும் கூடினால் தெர்மாகோல் இளகிவிடும் என்பதால் பாதுகாப்பாக அங்கேயே நிறுத்தினோம். இந்தச் சூடு ஏறிய பிறகுதான் எபாக்சிக்கு முழு வலு வருகிறது. பெட்டி இல்லையென்றால் போர்டு இல்லை. இதை நான் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். பிடிவாதம்தான். கொட்டகைக்கு வந்து, பெட்டியில் வைத்த துண்டையும் வெளியில் காய்ந்த துண்டையும் கையால் வளைத்துப் பாருங்கள்.

வால் கடைசி ஒன்றரை அடிக்கு ஃபோமே கிடையாது. சதுர மீட்டருக்கு இருநூறு கிராம் எடையுள்ள ஃபைபர் கிளாஸ் துணியை அடுக்கடுக்காகப் போட்டோம், ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட ஒரு விரற்கடை குட்டை. ஃபோம் முடியும் இடத்தில் தடிமன், வால் நுனியில் மெல்லியது. எல்லா அடுக்கையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வளைவு முழுதும் அந்தக் கோட்டில் சேர்ந்து, அங்கேயே முறியும். அடுக்கு கூடக் கூட சோதனையும் நடந்தது. போர்டின் மூக்கை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, வால் நுனியில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலில் அளந்து சுவரில் பென்சிலால் குறித்தோம். பையை எடுத்ததும் பழைய கோட்டுக்கே திரும்புகிறதா என்பதுதான் முக்கியம். அந்தக் கோடுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. வெள்ளையடிக்கும்போது யாரும் அதை அழிக்க வேண்டாம், அடுத்த போர்டுக்கு அதுதான் கணக்கு.

மாமல்லபுரத்தில் இரண்டாம் நாள் காலை நல்ல அலை கிடைத்தது. நம் இளைய உறுப்பினர் ஒருவர் ஃபிளிப்பர் மாட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் சில அலைகள் அவரை விட்டுவிட்டுப் போயின. அப்புறம் ஒன்று செங்குத்தாக எழுந்தது. அலையின் அடியில் அவர் திரும்பியபோது, வால் நுனி இரண்டு விரல் உயரம் மேல்நோக்கி வளைவதைக் கரையில் இருந்தே பார்த்தோம். அவர் நிமிர்ந்த நொடியில் போர்டு விட்டெறிந்தது போலப் பாய்ந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர், "இதுல என்னப்பா புதுசு? நாங்க கட்டுமரத்துல முட்டி போட்டுத்தானே அலை தாண்டுவோம்? நீங்க அதே அலையில திரும்பி வர்றீங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த பயணத்தில் அவரைப் போன்ற பெரியவர்களிடம் அலை பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

திரும்பி வந்து போர்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஃபோம் முடியும் இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். இதுவரை கோடு இல்லை. வால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. கீழே இறக்கும்போதும் வண்டியில் கட்டும்போதும் துணி சுற்ற வேண்டும். குன்னூரிலிருந்து மலையடிவாரக் கல்லாறு வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், கயிறு தளர்ந்தால் போர்டு பின்னால் வருபவர் மேல்தான் விழும்.

இப்போது சொல்லக் கஷ்டமான விஷயம். இந்த வேலை எல்லாவற்றையும் செய்தது நாலைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையில் வேலை என்று அறிவித்தால் குழுவில் கட்டைவிரல்கள் வரிசையாக வரும், ஆட்கள் வருவதில்லை. உப்புத்தாள் போடும் வேலை அலுப்பானது, தூசி நிறைந்தது, தெரியும். ஆனால் மாமல்லபுரம் பயணத்துக்கு மட்டும் வண்டியில் இடம் போதவில்லை. போர்டில் யார் முதலில் ஏறுவது என்று அங்கே நடந்த வாக்குவாதத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. கொட்டகைக்கு வந்தவர்களுக்கு முதல் வாய்ப்பு என்று நிர்வாகக் குழு ஜனவரியில் முடிவு செய்தது, அது இனி அமலில் இருக்கும்.

சந்தா. ஆண்டுக்கு 1,200 ரூபாய். பாதிப் பேருக்கு மேல் இன்னும் கட்டவில்லை, சிலருக்குப் போன வருடப் பாக்கியும் உண்டு. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் திண்டாடும் சிறு விவசாயிகளின் நிலை எனக்குத் தெரியும். அவர்கள் என்னிடமோ பொருளாளரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், தவணையாகக் கட்டலாம், கேள்வி கேட்க மாட்டோம். நான் சொல்வது அவர்களைப் பற்றி இல்லை. புது பைக் வாங்கிய படத்தைக் குழுவில் போடுபவர்கள் சந்தா நினைவூட்டலுக்குப் பதில் போடாதது எனக்கு வலிக்கிறது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக: வரவு சந்தாவும் சில நன்கொடைகளும். செலவு கொட்டகை வாடகை, எபாக்சி, கிளாஸ் துணி, சூட்டுப் பெட்டி, பயணம். கையிருப்பு சொற்பம்தான், ஆனால் யாருக்கும் கடன் இல்லை. பில்கள் அனைத்தும் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நன்றி கூற வேண்டியவர்கள்: வழிகாட்டிய தலைவர் அவர்கள், கணக்கைக் கவனித்த பொருளாளர் அவர்கள், கொட்டகை வாடகையை இந்த ஆண்டும் ஏற்றாத உரிமையாளர், போனில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, மாமல்லபுரத்தில் நம்முடன் தண்ணீரில் நின்ற உயிர்காப்பாளர்கள், ஞாயிறுகளில் டீ போட்டுக் கொடுத்த எதிர்க்கடை அக்கா.

வரும் ஆண்டுக்கு இரண்டாவது போர்டு செய்யத் திட்டம் இருக்கிறது, எடை குறைந்தவர்களுக்கு ஏற்ற மெல்லிய வாலுடன். முதல் போர்டு எழுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டது. நம் பெண் உறுப்பினர்களுக்கு அந்த வால் வளைவதே இல்லை, அவர்களும் சந்தா கட்டியவர்கள்தான். எபாக்சி கையில் பாதிக் கேன் இருக்கிறது, அதை வெகுநாள் வைத்திருக்க முடியாது. மழை இறங்குவதற்குள் துணி வாங்கினால் ஜூனுக்கு முன் அடுக்குகளை முடித்துவிடலாம். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க விரும்பினால் சாவியை மகிழ்ச்சியோடு கொடுப்பேன். ஒரே வேண்டுகோள், சூட்டுப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் ஞாயிறுகளில் இன்னும் பத்துப் பேராவது வேண்டும்.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கொட்டகை திறந்திருக்கும். முகக்கவசமும் பழைய சட்டையும் கொண்டுவாருங்கள், கையுறை அங்கே இருக்கிறது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார், கூட்டம் முடிந்து போகும்போது அவரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்
குன்னூர்