விறகு முதலில், டிராக்டர் அப்புறம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. டிராக்டரை மட்டும் சுற்றிச்சுற்றி எடுத்திருக்கிறாய். விறகு எங்கே என்று தேடினேன். ஒரு படத்தின் மூலையில், வீட்டுச் சுவரை ஒட்டி, தார்ப்பாயால் தலை முதல் தரை வரை இறுக்கிப் போர்த்திய ஒரு குவியல் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு உன் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமாகிவிட்டது. 50 குதிரைத்திறன் டிராக்டர் வாங்கலாமா என்று கேட்டாய். இந்தப் பருவத்தில் வேண்டாம். கையில் இருக்கும் காசையும் உடம்பில் இருக்கும் தெம்பையும் முதலில் விறகில் போடு.

பனி உருகி முடிகிற இந்தச் சமயத்தை விட்டால் அடுத்த குளிருக்குள் விறகு காயாது. டிராக்டர் எந்த மாதமும் விற்பனைக்கு வரும். காய்ந்த விறகைக் குளிர் தொடங்கிய பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம். ‘நல்லா காஞ்சது’ என்று சொல்லி இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அடுப்பில் வைத்தால் கட்டையின் நுனியில் நுரை தள்ளும்.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியை ஒட்டித் தண்ணீர்தான் இருக்கும். மரத்துக்கு மரம் கொஞ்சம் முன்பின் மாறும். அடுப்புக்குப் போகும்போது அது 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படிக் காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 15 மெகாஜூல் சூடு தரும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே அதில் இரண்டரை மெகாஜூல் போய்விடும். அந்த இழப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈர விறகு போட்டால் நெருப்பு சூடேறாமல் மந்தமாகவே கிடக்கும். எரியாத புகை மேலே போய், குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் கறுப்புக் கீலாகப் படியும். கிரியோசோட் என்கிறார்களே, அதுதான். போதுமான அளவு சேர்ந்த பிறகு ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் இரைச்சலாக ஒரு சத்தம் கேட்டால் அடுப்புக்குக் காற்று போகும் வழியை அடைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நீயே ஏறிப் பார்க்கக் கூடாது.

ராத்திரி படுக்கப் போகும்போது அடுப்பை நிரப்பி, காற்றை முழுக்க அடைத்து, விடியும்வரை புகையவிடும் பழக்கம் உன் அப்பாவுக்கு உண்டு. அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தைக் கேட்டு வளர்ந்தவன் நீ. இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதே. அப்படிப் புகைகிற நெருப்புதான் கீலைப் படியவைக்கும். சின்னதாக, சுறுசுறுப்பாக எரியவிடு. காலையில் தணல் இல்லாவிட்டால் திரும்பப் பற்றவைத்துக்கொள்ளலாம், என்ன கெட்டுப்போகிறது? வருஷத்துக்கு ஒரு முறையாவது, குளிருக்கு முன்பே, புகைபோக்கியைத் துடைத்துவிட ஆள் கூப்பிடு. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி படுக்கையறைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மடித்துவைத்துவிட்டு அதை வாங்கிவிட்டு வா.

இப்போது அந்தத் தார்ப்பாய். அதை அவிழ்த்துவிடு. பக்கங்களை மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் போக வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். அடுக்கின் தலையை மட்டும் மழைக்கு மூடினால் போதும். அடியில் பலகையோ பழைய மரச்சட்டமோ போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி அடுக்கு. காற்றும் வெயிலும் படுகிற இடமாக, சுவரிலிருந்து தள்ளியே இருக்கட்டும். அடுப்பின் உள் நீளத்தைவிட நாலு விரல் குறைவாக அறுத்து, கை மணிக்கட்டுப் பருமனிலிருந்து முன்னங்கை நீளத்தில் பாதி அகலம் வரைக்கும் பல அளவில் பிளந்துவை. பிளக்காத உருட்டுக்கட்டை பட்டைக்குள்ளேயே ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும், வருஷக்கணக்கில் கிடந்தாலும்.

பைன் விறகை ஒதுக்கிவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய், பிசின் புகைபோக்கியைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். கெடுப்பது ஈரம்தான். ஒரே எடைக்குப் பார்த்தால் எந்த மரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான் தரும். வன்மரம் அடர்த்தியாக இருப்பதால் அதே இடத்தில் அதிக எடை அடங்குகிறது, தணலும் நெடுநேரம் நிற்கிறது. பைன் போன்ற மென்மரத்தை இப்போதே பிளந்து அடுக்கினால், நல்ல கோடை வாய்த்தால், வரும் குளிருக்கு எரிக்கலாம். ஓக் போன்ற வன்மரத்துக்கு இரண்டு கோடையாவது வேண்டும். ஆகவே இந்த வசந்தத்தில் மென்மரம் வரும் குளிருக்கு, வன்மரம் அதற்கடுத்த குளிருக்கு என்று இரண்டு அடுக்கு போடு. ஒரு குளிர் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தால் அப்புறம் அவசரமே வராது.

ஈரம் பார்க்க இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டர் விற்கிறது, வாங்கிக்கொள். கட்டையின் நுனியில் குத்திப் பார்த்து மகிழ்ந்துபோகாதே. நுனி எப்போதும் முதலில் காய்ந்துவிடும். ஒரு கட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து, உறைபனி விலகிய பிறகு நடுவில் பிளந்து, புதிதாகத் தெரியும் அந்தப் பரப்பில், நார் ஓடும் திசையிலேயே ஊசியை அழுத்து. மீட்டர் வரும்வரை இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார். காய்ந்தது கணீர் என்று கேட்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும்.

சாம்பலுக்கு மூடி போட்ட இரும்பு வாளி. மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே தணல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். வாளியை மரத்தளத்தில் வைக்காதே. வீட்டைவிட்டுத் தள்ளி, வெறும் மண்ணிலோ கல்லிலோ வை.

சரி, டிராக்டருக்கு வருகிறேன். எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் ஐந்து ஏக்கரில் வேலை என்ன என்று எழுதிப் பார். வீட்டைச் சுற்றியுள்ள புல்லுக்கு ஏறி உட்கார்ந்து ஓட்டும் சின்ன மோவர் போதும். மேலே இருக்கும் காட்டுப்புல்லை வருஷத்துக்கு இரண்டு முறை அடித்தால் சரி. இந்த வருஷம் அதற்கு வாடகைக்கு ஆள் வரட்டும். சொந்தமாக அடிப்பதென்றாலும், டிராக்டரின் பின்னால் மாட்டிப் புல் அடிக்கும் ரோட்டரி கட்டருக்கு, அகலத்தில் ஓர் அடிக்கு ஐந்து குதிரைத்திறன் பி.டி.ஓ.வில் (எஞ்சினின் சக்தியைப் பின்னால் இருக்கும் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டில்) கிடைத்தால் போதும் என்பது பழைய கணக்கு. ஐந்தடிக் கட்டருக்கு 25. நீ பார்த்த வண்டி அதற்கு இரண்டு மடங்கு. கனமான வண்டி ஈர மண்ணில் போட்ட தடத்தை நீதான் மண் போட்டு நிரவ வேண்டியிருக்கும்.

படத்தில் இருப்பது பழைய வண்டி, அழகான வண்டி. ஆனால் இருக்கைக்குப் பின்னால் ரோல்பார் இல்லை, வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவரை நசுங்காமல் காக்கும் இரும்பு வளைவு. கவனித்தாயா? உன் நிலம் சரிவு நிலம். டிராக்டரில் சாகிறவர்கள் பலரும் வண்டி கவிழ்ந்து அதன் அடியில் மாட்டியவர்கள். ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டர்களுக்கு இப்படிப்பட்ட பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது; அதன் பிறகு அங்கே கவிழ்ந்து சாவது வெகுவாகக் குறைந்தது. ரோல்பாரும் வேண்டும், பெல்ட்டும் போட வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால் கவிழும்போது வெளியே விழுந்து, அந்தப் பாருக்கே அடியில் போய்விடுவாய். மரக்கிளை தட்டுகிறது என்று பாரை மடக்கிவைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளையை வெட்டு. பழைய வண்டிக்கு அதன் மாடலுக்கென்றே செய்த ரோல்பார் கிடைத்தால் பிறகு பேசலாம்; பட்டறையில் குழாயை வளைத்து ஒட்டவைத்ததை ஏற்கமாட்டேன்.

மரக்கட்டை இழுப்பதைப் பற்றி ஒன்று. சங்கிலியைப் பின்னால் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டு. அச்சுக்கு மேலே எங்காவது மாட்டி, கட்டை ஒரு வேரில் சிக்கிக்கொண்டால், சக்கரம் நிற்கும், வண்டியின் மூக்கு எழும்பும். திரும்ப முடியாத கட்டத்தைத் தாண்ட ஒரு விநாடிகூட ஆகாது. கிளட்ச்சை மிதிக்க உனக்கு நேரமே இருக்காது. வண்டியின் முன்னால் தூக்கி இறக்கும் லோடர் பக்கெட்டில் விறகு ஏற்றினாலும் பக்கெட்டைத் தரையை ஒட்டியே வைத்து ஓட்டு, பின்னால் எடை கட்டு.

கட்டர் பழையது வாங்கலாம், அதில் தயக்கம் வேண்டாம். கருவியை டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் பிடித்து மாட்டும் ஹாரி ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு 1939இல் ஃபோர்டு டிராக்டரோடு சேர்ந்து வந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் அதுதான். அளவு வகை பொருந்தினால் தாத்தா காலத்துக் கருவிகூடப் புது வண்டியில் மாட்டும். பார்க்க வேண்டியது பி.டி.ஓ. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை உடையாமல் இருக்கிறதா என்பதை. அந்தத் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது. சட்டை நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள அவகாசம் கிடையாது. எஞ்சினை நிறுத்தி, சுற்று நின்ற பிறகுதான் கிட்டே போக வேண்டும். சுமை மிஞ்சினால் தான் அறுந்து மற்றதைக் காப்பாற்றும் ஷியர் போல்ட் அறுந்தால் அதே தரத்தில் மாற்று. ‘அறுந்துகொண்டே இருக்கிறதே’ என்று உறுதியானதைப் போட்டால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ். முதல் முறை அடிக்கும் முன் முழு நிலத்தையும் நடந்து பார். பழைய வேலிக் கம்பி, கல், குழி எல்லாம் புல்லுக்குள் இருக்கும். கத்தியில் பட்ட கல் வெகுதூரம் பறக்கும். அந்த நேரத்தில் உன் வீட்டுக்காரியும் நாயும் உள்ளேயே இருக்கட்டும்.

செயின்சாவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது நீளும். இப்போதைக்கு: கட்டையிலிருந்து சீவல் சீவலாக வந்தால் சங்கிலி கூர்மை, மாவு மாதிரி வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கியதோடு மல்லுக்கட்டாதே, அரம் போடு. கால் பாதுகாப்பு உடை இல்லாமல் தொடாதே.

இலையுதிர் காலத்தில் வண்டி பார்க்கப் போகும்போது, எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிவைக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டுப் போ. போனதும் எஞ்சின் பக்கத்தில் கையை வைத்துப் பார். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத வண்டியைக் கிளப்பிவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. ஹைட்ராலிக் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. லோடரைத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு, தள்ளி நின்றே பத்து நிமிஷம் பேச்சுக் கொடு. பக்கெட் எவ்வளவு இறங்கியது என்று பார். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைச் சொல்லும் மீட்டர் குறைவாகக் காட்டி, கிளட்ச் மிதியில் ரப்பர் தேய்ந்து பளபளத்தால் மிதியைத்தான் நம்பணும்.

வன்மரம் பிளக்க ஒரு ஹைட்ராலிக் ஸ்ப்ளிட்டரை வார இறுதிக்கு வாடகைக்கு எடு. கட்டை வைக்கிறவரே லிவரையும் பிடிக்கட்டும். ஒருவர் வைக்க இன்னொருவர் அழுத்தும்போதுதான் விரல் போகிறது. அடுக்கி முடித்ததும் மீட்டரில் வந்த எண்ணை எழுது, படமும் அனுப்பு. டிராக்டர் படம் இப்போதைக்குப் போதும்.

அன்புடன்,
அம்மா