ஆண்டறிக்கை: நாகர்கோவில் – கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி உறுப்பினர் பலகை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது தொகுதியின் மக்களவை உறுப்பினர் பட்டியலைப் பலகையாக எழுதி மன்றக் கூடத்தில் மாட்டுவதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இவ்வாண்டின் பெரும்பகுதி அந்தப் பணியிலேயே கழிந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் எழுதிவந்த பலகையில் 1952 முதல் எல்லாப் பெயர்களும் ‘கன்னியாகுமரி’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இருந்தன. அகஸ்தீஸ்வரம் பக்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “2004-ல நாங்க ஓட்டுப் போட்டது திருச்செந்தூர்த் தொகுதிக்கில்லா?” என்று கேட்டார். அவர் சொன்னதே சரி. அந்தத் தேர்தல்வரை இத்தொகுதியின் பெயர் நாகர்கோவில். கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அப்போது திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. தொகுதி எல்லைகளின் மறுசீரமைப்புக்குப்பின் 2009 தேர்தலில்தான் அது இங்கே வந்து சேர்ந்தது, நம் மக்களவைத் தொகுதியின் பெயரும் கன்னியாகுமரி என்று மாறியது. திருவட்டாறு சட்டமன்றத் தொகுதி இல்லாமற் போயிற்று. ஆகவே பலகையை இரண்டு தலைப்புகளில் மாற்றி எழுதச் செய்தோம்.

முதற்பெயர் ஏ. நேசமணி அவர்களுடையது. இப்பகுதி திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த காலத்தில், தாய்த் தமிழகத்தோடு இணையவேண்டும் என்று போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் சார்பில் அவர் டெல்லிக்குச் சென்றார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டமாயின. அடுத்த ஆண்டு தேர்தலில் பி. தாணுலிங்க நாடாரும், 1962, 1967 தேர்தல்களில் மீண்டும் நேசமணியும் வென்றனர்.

நேசமணி 1968-இல் மறைந்தபின் நடந்த இடைத்தேர்தலை விரிவாகச் சொல்லவேண்டும். 1967-இல் விருதுநகரில் தோற்றிருந்த பெருந்தலைவர் காமராசரை, 1969 ஜனவரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் நம் மக்கள் மக்களவைக்கு அனுப்பினார்கள். 1971-இல், காங்கிரசு பிளந்தபின் அவர் இருந்த அணியான ஸ்தாபன காங்கிரசு தமிழகத்தில் வென்ற ஒரே மக்களவைத் தொகுதியும் இதுவே. 1975 அக்டோபர் 2 அன்று அவர் காலமானார். அது நெருக்கடி நிலைக் காலம். 1977 பொதுத்தேர்தல்வரை இங்கு இடைத்தேர்தல் நடக்கவில்லை. அந்த இடைவெளியைப் பலகையில் வெற்று வரியாகவே விடவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன்; செயற்குழுவும் ஒப்புக்கொண்டது. ஒரு தொகுதி ஓராண்டுக்கும் மேலாக மக்களவையில் குரலற்று இருந்ததை அடுத்த தலைமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்பதே என் எண்ணம். 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனாவுக்கு ஹெச். வசந்தகுமாரை இழந்தோம், அவருக்குப்பின்னும் ஒரு வெற்று வரி இருக்கும்.

1977-இல் வென்ற குமரி அனந்தன், நாடாளுமன்றத்தில் தமிழில் பேசவும் கேள்வி கேட்கவும் உரிமை வேண்டிப் போராடியவர், வசந்தகுமாரின் அண்ணன். 1980 முதல் 1998 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் வென்றவர் என். டென்னிஸ். அவ்வளவு நீண்ட காலம் இத்தொகுதிக்கு வேறு எவரும் உறுப்பினராக இருந்ததில்லை. 1999-இல் பொன். இராதாகிருஷ்ணன், 2004-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. வி. பெல்லார்மின், 2009-இல் தி.மு.க.வின் ஜெ. ஹெலன் டேவிட்சன் எனத் தொடர்ந்து மூன்று தேர்தல்களில் மூன்று கட்சிகள் வென்றன. ஹெலன் டேவிட்சனே இப்பட்டியலில் உள்ள ஒரே பெண். 2014-இல் பொன். இராதாகிருஷ்ணனும், 2019-இல் வசந்தகுமாரும், 2021 இடைத்தேர்தலிலும் 2024-இலும் அவருடைய மகன் விஜய் வசந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

பலகையின் அடியில் ஒட்டுவதற்குப் பழைய வாக்குச்சாவடிச் சீட்டு, தேர்தல் துண்டறிக்கை, நிழற்படம் எதுவாயினும் வீட்டில் வைத்திருப்போர் தந்துதவ வேண்டுகிறேன். படி எடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். 1969 இடைத்தேர்தல் தொடர்பாக இதுவரை ஒரு தாள்கூட நம் கைக்கு வரவில்லை.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்