கையெழுத்துப் போடும் முன் கடைவீதிக்கு ஒருமுறை வாருங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம். நம் தருமபுரியில் நாலுவழிச் சாலையோரம் வரப்போகிற ஷாப்பிங் மாலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அனுமதிக்கான வரைபடம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. போன வாரம் அது விஷயமாகப் பேச வந்த எங்களிடம் உங்களில் ஒருவர் சொன்னார்: "கடைவீதிக்கு இப்ப யாருங்க வர்றாங்க? வண்டி நிறுத்த இடமில்ல, ஒதுங்க ஒரு பாத்ரூம் இல்ல. ஜனங்க மாலைத்தான் கேக்கறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. இடமும் இல்லை, பாத்ரூமும் இல்லை. ஆனால் ஐயா, அதைத்தானே நாங்கள் மனு மேல் மனுவாக உங்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தோம்? எங்கள் குறையையே எங்களை ஒதுக்குவதற்குக் காரணமாக்குவீர்கள் என்று அப்போது தெரியவில்லை.

என் பாத்திரக்கடையில் பதினொரு வருடமாக ஓர் அக்கா வேலை பார்க்கிறார். சீர்வரிசைப் பாத்திரங்களில் பேர் வெட்டுவது அவர்தான். அண்டாவின் வளைவில் மெஷின் வழுக்காமல் மூன்று தலைமுறைப் பேரையும் ஒரே வரியில் அடக்கிவிடுவார். காலை ஒன்பதரைக்கு வந்தால் இரவு எட்டரை ஆகும். வீட்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார். சாயங்காலம் அதில் முக்கால்வாசி அப்படியே திரும்பிப் போகும், கத்திரி வெயிலிலும்கூட. தெருக்கோடிக் கழிப்பறையைப் பூட்டி இரண்டு கோடை ஆகிவிட்டது. சாவி எங்கே என்றால் கான்ட்ராக்டரிடம் என்கிறார்கள். கான்ட்ராக்டர் யார் என்றால் டெண்டர் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆத்திர அவசரத்துக்கு பஸ் ஸ்டாண்ட் வரை நடக்க வேண்டும். முகூர்த்த சீசனில் கடை நிறைய ஆள் நிற்கும்போது எப்படிப் போவார்? போன சித்திரையில் நீர்க்கடுப்பு வந்து நாலு நாள் படுத்துவிட்டார். என்னிடம் காய்ச்சல் என்றார். என் மனைவியிடம்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம். உடனே ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அது என்னால் முடிந்தது. பத்துக்குப் பன்னிரண்டு கடையில் கழிப்பறையை எங்கே கட்டுவேன்?

மாலின் விளம்பரத் தாளும் கைக்கு வந்தது. மாடிக்கு மாடி கழிப்பறை, அடித்தளத்தில் வண்டி நிறுத்தம், குடிநீர். எங்கள் மனுவை யாரோ வழவழப்பான தாளில் கலரில் அச்சடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

மால் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு போனால் என் மகளும் மாலுக்குத்தான் இழுத்துப் போகிறாள். நாங்கள் கேட்பது இதுதான்: கையெழுத்துப் போடும் முன் கடைவீதிக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்.

"யாரும் வருவதில்லை" என்பதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே எங்களிடம் வருகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த பஸ் நாலுவழிச் சாலை மாலின் வாசலில் நிற்குமா? அங்காடியில் பட்டுக்கூடு போட்டுவிட்டு வரும் விவசாயி, பழைய பித்தளைக் குடத்தை எடைக்குக் கொடுத்துவிட்டுப் புதுக் குக்கர் வாங்குவார், மீதியை அடுத்த கூட்டுக்குத் தருகிறேன் என்பார். சரி என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். மால் கவுண்ட்டரில் அந்த நோட்டுக்கு இடமிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

அதியமான் ஆண்ட தகடூரான இந்தத் தருமபுரியில் ஓர் எஸ்கலேட்டர்கூட இல்லையே என்பது உங்கள் கவலை. புரிகிறது. 2016-ல் செல்லாத நோட்டு, 2017-ல் ஜிஎஸ்டி, 2020-ல் ஊரடங்கு, 2022-ல் சொத்துவரி உயர்வு என்று ஒவ்வொன்றாக வந்தபோது எங்களுக்கும் கவலைகள் இருந்தன. அப்போது எட்டிப் பார்க்க யாருக்கும் வழி தெரியவில்லை. வரி பாக்கி என்றால் மட்டும் கடைவீதி எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் சரியாகத் தெரிகிறது.

சரி, கோபம் வேண்டாம். கேட்க வந்ததை முறையாகக் கேட்டுவிடுகிறேன். தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், தெருவோர விற்பனை விஷயங்களைப் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் அந்த வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் கடை வாசலில் பூ விற்கும் அம்மாவுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் மரியாதையில் பாதியாவது எங்களுக்கும் கொடுங்கள். போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு என்று வரைபடத்தோடு வெளியிடுங்கள். எங்களை அழைத்துப் பேசிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதற்கும் முன்னால், தயவுசெய்து அந்தக் கழிப்பறையைத் திறந்துவிடுங்கள்.

நீங்கள் வரும் நாளை மட்டும் சொல்லி அனுப்புங்கள். ஸ்டூல் இருக்கிறது, டீ சொல்லிவைக்கிறேன். தண்ணீர் மட்டும் பார்த்துக் குடியுங்கள், சாவி இன்னும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
பாத்திரக்கடைக்காரன்,
கடைவீதி, தருமபுரி