கோவில் மண்டபத்தை அந்தப் பிள்ளைக்கும் திறந்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் உள்ள நம் கோவில் சபைப் பெரியவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமைதோறும் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேனே, அந்த வாத்தியார்தான் எழுதுகிறேன். நேரில் வந்து சொன்னால் தேநீர் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் ஊரே படிக்கும்படி எழுதுகிறேன்.

போன வாரம் நம் தெருப் பிள்ளை ஒருத்தி உங்களைப் பார்க்க வந்தாள். வார்டு கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன், ஊர்க்காரர்களிடம் பேச மண்டபம் வேண்டும் என்றாள். "கோவிலுக்குள் அரசியல் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டீர்கள். வாசலில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒருவர், "நெட்பால் ஆடின பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றது எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது.

முதலில், அது நெட்பால் இல்லை ஐயா, கூடைப்பந்து. நெட்பாலில் பந்தோடு ஓடக் கூடாது. இதில் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம். பல்கலைக்கழக அணியில் மூன்று வருஷம் பாயிண்ட் கார்டாக ஆடியவள். தான் கூடையில் போடுவதைவிட, யார் ஆளில்லாத இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பந்தைச் சேர்ப்பதுதான் அந்த இடத்துக்காரரின் வேலை.

அரசியல் வேண்டாம் என்பது நல்ல விதிதான். ஆனால் காவடி அன்று கட்சிக்காரர் வந்தால் மாலை போட்டு மைக்கையும் கொடுக்கிறோமே? பால்குடம் தூக்கிய பெண்கள் சுடும் தரையில் வெறுங்காலோடு கால் மாற்றி மாற்றி நிற்க, அவர் இருபது நிமிடம் தண்ணீர்த் திட்டம் பற்றிப் பேசினார். அது அரசியல் இல்லையாம்.

வயசு போதாது என்றும் சொன்னீர்களாம். மண்டபச் சுவரில் நாம் மாலை போட்டு வைத்திருக்கும் தில்லையாடி வள்ளியம்மை, 1914-இல் சிறையிலிருந்து வந்து உயிர் விட்டபோது அவருக்கு வயது 16.

பந்து ஆடியதற்காக அவளுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் கெவின் ஜான்சன் என்பவர் பெர்க்லியில் கல்லூரி அணிக்கு ஆடி, ஃபீனிக்ஸ் சன்ஸ் என்ற கூடைப்பந்து அணியில் பேர் வாங்கி (அந்த ஃபீனிக்ஸ் அரிசோனாவில் இருக்கிறது, நம் பக்கத்து ஃபீனிக்ஸ் இல்லை), 2008 முதல் 2016 வரை சாக்ரமென்டோ மேயராக இருந்தார். ஊரை விட்டுக் கிளம்ப இருந்த கூடைப்பந்து அணி அவர் காலத்தில் அங்கேயே தங்கியது, புது அரங்கமும் வந்தது. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய டேவ் பிங் 2009-இல் டெட்ராய்ட் மேயரானார். ஆட்டம் முடிந்தபின் எஃகு நிறுவனம் நடத்தித் தேர்ந்தவர் அவர். அப்படியும் 2013-இல் அந்த நகரம் திவால் மனு போட்டது. பழைய கடன்தான், அவர் வாங்கியதில்லை. ஆனால் ஆட்டக்காரர் என்பதற்காகக் கடன்காரன் விட்டுவிடுவானா?

இவளிடம் நான் பார்த்தது வேறு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் லாரி மேட்டுத் தெருவுக்குள் ஏறாது, கீழேயே நின்றுவிடும். லீவில் வந்திருந்தவள், பத்துப் பன்னிரண்டு பையன்களை மேடு நெடுக இடைவெளி விட்டு நிறுத்தி, வாளியைக் கைக்குக் கை மாற்ற வைத்தாள். "வாளியைப் பார்க்காதே, வாங்குறவனைப் பார்!" என்று ஒரே கத்தல். எங்கள் வீட்டுக்கு அரை வாளிதான் வந்து சேர்ந்தது. சரி, வந்ததே. சுயேச்சையாக நிற்க வார்டு வாக்காளர்கள் 50 பேரின் கையெழுத்து வேண்டும். இப்போது அந்தத் தெருவில்தான் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கும் சந்தேகம் உண்டு. டர்பனும் நம் டோங்காட்டும் அடங்கிய எத்தெக்வினி மாநகர சபையில் 222 இடங்கள். 2021 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பாதி கிடைக்கவில்லை, பெரிய கட்சியான ஏ.என்.சி.க்கே (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 96தான். அப்படிப்பட்ட சபையில் ஒற்றை ஓட்டுக்கும் விலை உண்டு. விலை என்று எழுதும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஓட்டை எதற்குக் கொடுப்பாள், யாரைக் கேட்டுக் கொடுப்பாள்? தெருவில் வைத்துக் கேட்டேன். பாதிப் பதில்தான் வந்தது. மீதியை ஊர் முன்னால் சொல்லட்டும், நீங்களும் கேளுங்கள்.

அதனால் ஒரு சனிக்கிழமை எல்லா வேட்பாளர்களையும் கூப்பிடுவோம், கட்சிக்காரர்களையும் சேர்த்துத்தான். மாலை யாருக்கும் வேண்டாம். ஆளுக்குப் பத்து நிமிடம், அப்புறம் கேள்வி. வகுப்பு 11 மணிக்கு முடிந்துவிடும். நாற்காலி போடவும் அடுக்கவும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சனிக்கிழமை வாத்தியார்