அந்தப் பச்சைக்கு எத்தனை சதவீதம்?

எங்கள் செல்பேசி நிறுவனத்தின் சிக்னல் திட்டப் பிரிவினருக்கு,

வணக்கம். சிக்னல் கிடைப்பதில்லை என்று வால்பாறைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து போன மனுக்களெல்லாம் உங்களிடமே இருக்கின்றன. “வரைபடத்தில் உங்கள் பகுதி பச்சையாக உள்ளது”, அதாவது சிக்னல் உண்டு, என்று பதிலும் போட்டீர்கள். அந்தப் பச்சையைப் பற்றித்தான் இம்மடல்.

இங்கே யானை நடமாட்டத்தை எஸ்.எம்.எஸ். வழியாகச் சொல்லும் ஏற்பாடு பல ஆண்டுகளாக உண்டு. யானை பக்கத்தில் இருந்தால் மேட்டில் எரியும் சிவப்பு விளக்கையும் செல்பேசியில்தான் போடுகிறார்கள். போன மாதம் ஒரு மழை இரவு, 7.10-க்கு அனுப்பிய எச்சரிக்கை எனக்கு மறுநாள் காலை 6.15-க்கு வந்தது. நடுவில், ஏழரை மணிக்கு, என் மனைவி குடத்தோடு குழாயடிக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள். விடிந்து பார்த்தால் குழாயைச் சுற்றி யானைத் தடம். போன் வழக்கம்போல் ஜன்னல் ஆணியில்தான் தொங்கியது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளினாலும் சிக்னல் கோடு விழுந்துவிடும். ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் ‘வணக்கம்’ போட்டுத் தொடங்க முடிந்தது.

நான் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வரைபடம் போட உங்கள் கணினி மாதிரி கணித்துத் தருவது சிக்னல் வலிமையின் நடுமதிப்பு. பாதி இடங்களில் அதற்கு மேல், பாதி இடங்களில் அதற்குக் கீழ். இடத்துக்கு இடம் அது ஏறி இறங்கும் அளவை, அதாவது திட்டவிலக்கத்தை, 8 டெசிபல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அலகு) என்று வைத்தால், நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் கிடைக்க 10 டெசிபல் கூடுதலாக ஒதுக்க வேண்டும், அதாவது பத்து மடங்கு வலிமை. நனைந்த மரங்கள் விழுங்குவது தனி. 1960-களின் லாங்லி–ரைஸ் என்ற சிக்னல் கணிப்பு மாதிரியே நேரம், இடம், சூழல் மூன்றின் மாறுபாட்டுக்கும் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகக் கேட்கும். நீங்கள் என்ன பதில் கொடுத்தீர்கள்? 50 என்றா, 90 என்றா? அதை வரைபடத்திலேயே அச்சிடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ரீசார்ஜ் பணத்தை மட்டும் நீங்கள் நடுமதிப்பில் வாங்குவதில்லை. மாதத்துக்கு 28 நாள் என்று கண்டுபிடித்தவர்களுக்குச் சதவீதம் போடத் தெரியாதா? மன்னிக்கவும், சொல்ல வந்தது வேறு.

அளவெடுக்க வந்த வண்டி மார்ச் வெயிலில் தார்ச்சாலையோடு போய்விட்டது. தயவுசெய்து ஜூலையில், மழை பிடித்தபின் வாருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு லைனுக்குள் நடந்து அளந்து, எத்தனை சதவீதம் இடத்தில், எத்தனை சதவீதம் நேரம் என்ற இரண்டு எண்களையும் பச்சைக்குப் பக்கத்தில் போடுங்கள். வருமுன் போன் செய்ய வேண்டாம், கிடைக்காது. கடிதம் போடுங்கள்.

இப்படிக்கு,
லைன் வீட்டுச் சந்தாதாரர் ஒருவர்